ஒரே கிடாயின் ரத்தம்

என் வீட்டுக்காரரின் பெயரை உலகத்தில் எழுபத்தொரு பேர் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். இது நானாக அளந்துவிடுவது இல்லை. அமெரிக்காவில் அச்சடித்துக் கப்பலில் வரும் ஒரு புத்தகம் சொன்னது. புத்தகம் தலையணை கனம், எழுத்து எறும்புத் தலை அளவு. யாருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வேறு யார் யார் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பெயர்வாரியாகப் போட்டிருப்பார்கள். அதன் புதுப் பாகம் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், இவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே கூடியிருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன்.

"உங்களத் தப்புன்னு திட்டி எழுதுனாலும் இதுல சேருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சேரும்."

"அப்ப எங்க அண்ணன் ஒருத்தர் போதும். வருசத்துக்கு நூறு தேறும்."

அவர் சிரிக்கவில்லை. மேற்கோள் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது.

அவர் டாக்டர் முத்திருளன். ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்குகிற டாக்டர் இல்லை, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராய்கிற டாக்டர். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை, 'கோழி டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் ஜெயக்கொடி. அவருக்கு மாமன் மகள், பெண்டாட்டி. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அங்கேயே ஓர் அறக்கட்டளை நடத்திய உயிரியல் ஆய்வு நிலையத்தில் அவருக்கு வேலை.

கோழி டாக்டர் என்று அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. நாட்டுக்கோழிக்குக் கிடாயின் ரத்தச் சிவப்பணுக்களை ஊசியில் ஏற்றுவார். அந்நியச் சரக்கு உள்ளே வந்துவிட்டது என்று கோழியின் உடம்பு அடையாளம் கண்டுகொண்டு, அதை எதிர்க்க ஒரு பொருளைத் தயார் செய்யும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கோழியின் சிறகடியில் ரத்தம் எடுத்து, கிடாயின் ரத்தத்தோடு குழித்தட்டில் கலந்து பார்ப்பார். சிவப்பணுக்கள் எந்த அளவுக்கு ஒட்டிக் கட்டியாகின்றனவோ அந்த அளவுக்குக் கோழிக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று கணக்கு. மாதத்துக்கு ஒரு கூட்டம் கோழி என்று மூன்று வருடம் பார்த்தார். மூன்று வருடமும் மாசிக் கடைசியில் மட்டும் எதிர்ப்பு பாதிக்கும் கீழே விழுந்தது, பங்குனியில் பழையபடி எழுந்துவிட்டது. வெயில் தொடங்கும்போது உடம்பு ஓர் அதிர்ச்சி வாங்குகிறது, பிறகு பழகிக்கொள்கிறது என்று எழுதினார். 'வெயில் இறக்கம்' என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயரும் வைத்தார். எழுபத்தேழில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. எழுபத்தொரு மேற்கோளும் அந்த ஒரு கட்டுரைக்குத்தான்.

அந்தக் கட்டுரையில் அவருக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு. எல்லாச் சோதனைகளும் ஒரே கிடாயின் ரத்தத்தைக் கொண்டே நடந்தன என்ற வரி. மனிதர்களைப் போலவே ஆட்டுக்கு ஆடு ரத்தம் வேறு. கிடா மாறினால் கணக்கே குழம்பிவிடும். நிலையத்தில் கிடா வாங்க உத்தரவு கிடைப்பதற்குள் கோழிகளுக்கு வயதாகிவிடும் என்று, கச்சைகட்டி கிராமத்துக்குப் போய்ச் சொந்தக் காசில் தன் பெயருக்கே ஒரு கிடா வாங்கி வந்தார். குளம்பிலிருந்து கொம்பு வரை ஒரே கருப்பு, கழுத்தில் நிலையத்து எண் போட்ட தகடு. அதைப் பார்த்துக்கொள்ள என் அண்ணன் காளையை வேலைக்குச் சேர்த்தார். தீனி போடுவது, ரத்தம் எடுத்துச் சீசாவில் கொண்டுவந்து கொடுப்பது எல்லாம் அண்ணன்தான். கிடா நிலையத்துக் கொட்டடியை விட்டு வெளியே போவது வருடத்தில் ஒரே ஒரு தடவை. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அண்ணன் ஊருக்குப் போகும்போது, தண்ணீர் காட்ட ஆளில்லை என்று அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்துக் கூட்டி வருவார். என் வீட்டுக்காரர் சீசாவைப் பார்ப்பாரே தவிர, கிடாயின் முகத்தை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கனடாக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் தங்கள் கோழிகளில் எந்த இறக்கமும் தெரியவில்லை என்று எழுதினார்கள். "அவங்க கோழிக்கு வெயில்னா என்னன்னு தெரியுமா?" என்று டெல்லியில் ஒரு கூட்டத்தில் இவர் கேட்க, அரங்கமே சிரித்ததாம். அதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆனாலும் பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை பேட்டிக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது பேட்டி எண்பத்து நாலு சித்திரையில் வைத்திருந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் மலையம்மாள் மாட்டிக்கொண்டாள். எண்பதாம் வருடம் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். திருவாதவூர்க்காரி. டவுனுக்குக் கிழக்கே இருந்து மேற்கே எங்கள் பக்கத்துக்கு இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அப்பா வீரணன் அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் இவள்தான். மகளைச் சேர்த்துவிட வந்த அன்றைக்கு வீரணன் எங்கள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்தார், வந்தும் உட்காரவில்லை. எங்கள் ஆட்கள் முன்னால் எத்தனை காலம் நின்று பழகிய கால்களோ. எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

வெயில் இறக்கம் ஏன் வருகிறது, கோழியின் ரத்தத்தில் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று கண்டுபிடிப்பது மலையம்மாளின் வேலை. அதற்கு முதலில் இறக்கம் வரவேண்டும். வரவில்லை. முதல் வருட மாசியில் வரவில்லை, அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. தை எப்படியோ அப்படியே மாசி, மாசி எப்படியோ அப்படியே பங்குனி.

"கோழி பொய் சொல்லாது. கிடா பொய் சொல்லாது. அப்ப யாரு சொல்றது?" என்று அவளைக் கேட்டார். நான் சாப்பாடு கொண்டுபோன நேரம் அது. "கவனம் கெடையாது உனக்கு. கை சுத்தம் பத்தல."

அந்த வார்த்தையை அவர் ஆய்வகத்து அர்த்தத்தில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் வீரணன் மகள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தபோது என் உடம்பு கூசிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவரோடு சண்டை போட்டேன். "ஆராய்ச்சின்னா அப்படித்தான் பேசுவாங்க, எங்க வாத்தியாரும் என்னைய அப்படித்தான் பேசுனாரு" என்றார். வாத்தியார் பேசியது பேச்சு, இவர் பேசியது வேறு பேச்சு என்பது இந்தப் பெரிய படிப்பு படித்த மனிதருக்கு உறைக்கவே இல்லை.

அவளோ அவர் சொன்னதை அப்படியே நம்பினாள். எனக்குத் தாங்காதது அதுதான். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் முனையெல்லாம் வெடித்திருந்தது. ஊசியை மாற்றினாள், தட்டை மாற்றினாள், கோழிக் கூண்டுகளைத் திசை மாற்றி வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களை "இன்னும் ஒரு வருசம்" என்று வீரணன் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். எண்பத்து நாலு மார்ச்சோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்க இவர் கையெழுத்து வேண்டும். "இறக்கம் இல்லாத ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட்டா என் கட்டுரையில நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி" என்று இவர் ஒரே பிடியாக நின்றார். அந்த வருட மாசிதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

அந்தச் சிவராத்திரிக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். கோழிகளைப் பார்த்துக்கொள்ள மலையம்மாள் நிலையத்தில் இருந்தாள். மறுநாள் கிடாவெட்டு முடிந்து, மத்தியானம் கோயில் பொட்டலில் பந்தி நடந்தது. என் வீட்டுக்காரர் இலையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கறிச்சட்டியோடு பரிமாறிக்கொண்டு வந்தவர், அவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நம்ம நிலையத்துக் கிடாய்க்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. தவிட்டக் கரைச்சு ஊத்துனாத்தான் எறங்குது. புதுசு ஒண்ணு வாங்கணும்."

"பத்து வருசமா ஒழைக்குதுல்ல மச்சான். இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

"பத்து வருசமா?" அண்ணன் சிரித்தார். "இது வந்து அஞ்சு வருசந்தான மாப்ள ஆகுது. அத்தை இருந்தவரைக்கும் வருசா வருசம் புதுசுல்ல வரும்."

அத்தை என்றது என் மாமியார் சின்னத்தாயை. எழுபத்தொன்பது மாசி முடிந்து கொஞ்ச நாளில் இறந்துபோனார். என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "என்ன சொன்ன மச்சான்?" என்றார்.

அண்ணன் சாவகாசமாகத்தான் சொன்னார். செத்துப்போனவர் சங்கதி, இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. "ஒனக்கு வேலை கெடைச்சப்ப அத்தை நேந்துக்கிச்சு மாப்ள. நீ வேலையில இருக்க வரைக்கும், தான் உசுரோட இருக்க வரைக்கும் வருசம் ஒரு கிடான்னு. நேந்த கிடான்னா அந்த ஆளு பேர்ல வளர்ந்த கிடாயால்ல இருக்கணும்? ஒன் பேர்ல வளர்ற கிடா எது, அதுதான? ஒன்கிட்டக் கேட்டா குதிப்ப. அதான், வாரப்ப ஒரு கிடா, போறப்ப ஒரு கிடா. ரெண்டும் கருப்பு. கழுத்துல கெடந்த தகட்ட மட்டும் அவுத்து மாத்திக் கட்டிருவேன். எந்தக் கிடா ரத்தமா இருந்தா கோழிக்கென்ன, அதுக்குத் தெரியவா போகுதுன்னு அத்தை சொல்லும்."

"அம்மா செத்தப்பறம்?"

"அத்தையோட நேத்திக்கடனும் முடிஞ்சுபோச்சே. அப்பறம் இந்த ஒரே கிடாதான்."

குலசாமிக் கறியில் முதல் கூறு எப்போதும் என் வீட்டுக்காரர் இலைக்குத்தான் வரும். லண்டனில் அச்சான அந்த ஒரே கிடாயை மூன்று தவணையாகத் தின்று தீர்த்தவர் அவரேதான். நானும் கூடச் சேர்ந்து தின்றேன், கறியும் நன்றாகவே இருந்தது. இதை நினைத்து எனக்கு ஒரு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்து போய், கைகூடக் கழுவாமல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவரே பேசினார். "சிவராத்திரிக்கு முன்னாடி ஊசி போட்டது பழைய கிடா ரத்தம். பின்னாடி தட்டுல கலந்தது புதுக் கிடா ரத்தம். அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும். அடுத்த மாசம் ரெண்டும் புதுசு. எல்லாம் சரியாப் போயிரும்."

டீச்சருக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரு பாடத்தை நடத்திவிட்டு வேறொரு பாடத்தில் பரீட்சை வைத்திருக்கிறோம், பிள்ளைகள் பாதி மதிப்பெண் வாங்கியதற்கு வெயிலைக் காரணம் சொல்லியிருக்கிறோம்.

"அப்ப மலையம்மா பாத்ததுதான் சரி" என்றேன்.

"ம்."

"அவ கையில ஒரு கோளாறும் இல்ல."

கொஞ்ச தூரம் போனபிறகு, "எங்கம்மா எனக்குன்னுதான் செஞ்சுச்சு ஜெயா" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அத்தை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகன் வேலை நிலைக்க வேண்டும் என்று, அவன் கண்ணை மறைத்துக் கிடாயைக் கொடுத்தவரை என்னவென்று திட்டுவது? அவரவருக்குத் தெரிந்த வழியில் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

"திங்கக்கெழம அவகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

"சொல்லாம?"

திங்கட்கிழமை சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "ம்" என்றார். நான் நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விட்டேன். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள், அந்த 'ம்'மில் எத்தனை 'ம்' இருக்கிறது என்று நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மலையம்மாள் அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலு வருடப் பாடு வீண் போகவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள் என்றே நினைத்தேன்.

பங்குனியில் பேட்டிக்கு அனுப்பவேண்டிய விவரங்களை அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று அப்படியே இருந்தது.

"இது இன்னும் இருக்கா?"

"மேற்கோள் காட்டுனவங்க காட்டுனதுதான? இல்லைன்னா ஆயிருமா?"

"லண்டனுக்கு எழுதலையா நீங்க? இது தப்புன்னு?"

"பேட்டி முடியட்டும். எழுதுறேன்."

"ஏன், பேராசிரியர் நாற்காலியில உக்காந்தாத்தான் பேனா ஓடுமா?"

அவர் தட்டச்சுப் பொறியைத் தள்ளிவைத்தார். "மத்த கட்டுரையெல்லாம் ஒருத்தன்கூடத் தொட்டதில்ல ஜெயா. அந்த ஒண்ணு இல்லைன்னா நான் யாரு? கோழி டாக்டரு. எங்கப்பன் காட்டுல கல்லு பொறுக்கிக்கிட்டிருந்தவன் இவ்வளவு தூரம் வந்துட்டு, பொய்ய எழுதுனவன்னு பேரு வாங்கிட்டுப் போகவா?"

"நீங்க பொய் எழுதல. தெரியாம எழுதுனீங்க. இப்பத் தெரிஞ்சிருச்சு, அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தான்னு நீ சொல்லிருவ."

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த எழுபத்தொரு பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள்தான் அவருக்குச் சொந்தபந்தம் மாதிரி. அவர்கள் கைவிட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்துகிடந்தார். அந்தப் பெண்ணிடமாவது சொல்லிவிட்டாரே, மற்றதைப் பேட்டிக்குப் பிறகு நானே உட்காரவைத்து எழுதவைத்துக்கொள்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையம்மாள் வந்தாள். ஒரு மஞ்சள் பையில் கத்தரிக்காய், அப்பா கொடுத்துவிட்டாராம். இன்னொரு கையில் தட்டச்சு செய்த தாள்கள் கட்டாக இருந்தன. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டு, "வா மலையம்மா, உக்காரு, காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போனேன். முன்னறையில் அவள் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது.

"வந்துருச்சு சார்."

"என்னது?"

"எறக்கம் சார். இந்தத் தடவ வந்துருச்சு."

நான் பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அப்படியே வெளியே வந்தேன். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வரைபடம் இருந்த பக்கத்தில் நின்றார். தையில் மேலே இருந்த கோடு மாசியில் விழுந்து பங்குனியில் எழும்பியது, அவருடைய எழுபத்தேழாம் வருடக் கோட்டைப் படியெடுத்த மாதிரி. அவர் முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷம் வந்தது. நான் பார்த்தேன். அவர் செய்த மற்ற எல்லாவற்றையும் பின்னால் மறந்துவிட்டேன், அந்த ஒரு நொடியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அது வடிந்தது. அந்த வருடம் சிவராத்திரிக்கு முன்னும் பின்னும் கொட்டடியில் நின்றது ஒரே பல்லுப்போன கிடா. இறக்கம் வரவே முடியாது. அது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் தெரியும்.

"எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னபடி கவனமாச் செஞ்சேன் சார்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவர் தாள்களைச் சேர்த்து அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "நல்லா வந்திருக்கு" என்றார். கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. "மலையம்மா," என்றேன், "சார் ஒன்கிட்டக் கிடா விசயத்தச் சொல்லலையா?"

"எந்தக் கிடா டீச்சர்?"

பேனா பாதி வெளியே வந்த நிலையில் நின்றது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லாமல் நான் விடப்போவதும் இல்லை என்றும் தெரிந்துவிட்டது. அவர் பேனாவை உள்ளே தள்ளிவிட்டு, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் நேர்த்திக்கடனை, மாறிய கிடாய்களை, மாற்றிக் கட்டிய தகட்டை, எல்லாவற்றையும் சொன்னார். "நான் கண்டது எறக்கமே இல்ல. கிடா மாறுனது. நீ நாலு வருசமாக் காட்டுனதுதான் சரி" என்று முடித்தார்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள் நான். அவள் முகம் வெளுத்துப்போய், மேசைமேல் கிடந்த அந்தத் தாள்களைப் பார்த்தாள். இல்லாத ஒன்றைத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள், அது இல்லாதது என்று தெரிந்த இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க தெரியாமத்தான் சார் எழுதுனீங்க" என்றாள் மெதுவாக. "நான் தெரிஞ்சே எழுதிட்டேன். இந்த மாசத்தோட முடியுதே, எங்கப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"மலையம்மா, அதக் கிழிச்சுப் போட்ரு. ஒன் பழைய கணக்கு எல்லாம் இருக்குல்ல, அத வச்சு எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். இந்த மாசம் முடியறதுக்குள்ள..."

"இருக்கு சார். எல்லாம் இருக்கு." அவள் அவரைப் பேசவிடவில்லை. அவரிடம் குறுக்கே பேசி நான் அவளைப் பார்த்ததே இல்லை. "கிடா விசயம் ஒங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சிவராத்திரிக்கு மறுநாள்" என்றார்.

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. அவளுக்கு எண்ணத் தேவையில்லாமல் இருந்தது. தாள்களை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இத நான் போன வாரந்தான் சார் எழுதுனேன்."

மலையம்மாள் "வாரேன் டீச்சர்" என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள்.